திருவிழாச் சட்டையும் பின்பக்கத்து லோங்காங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரங்காடிகளில் இப்போது 'இயற்கைக்கு உகந்தது', 'மறுசுழற்சி செய்யப்பட்டது' என்று பச்சைச் சீட்டு தொங்கும் ஆடைகள் நிறைய. எந்த நிறுவனத்தின் ஆடையை வாங்கினால் குப்பை குறையும், கடல் கெடாமல் இருக்கும் என்று கேட்பவர்களும் பெருகி வருகிறார்கள். நல்ல கேள்விதான். மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா மாதிரியான தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு கேட்டால் அதற்குக் கிடைக்கும் பதில் வேறு. இங்கே ஒரு வீட்டு அலமாரியில் அடுக்கிக் கிடக்கும் சட்டைகளில் பல, யாரும் கடையேறித் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஆலயத் திருவிழாத் தொண்டர் சட்டை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான இல்லச் சட்டை (மாணவர் அணிச் சட்டை), காற்பந்துக் குழுச் சட்டை, குடும்ப தினச் சட்டை, தேர்தல் சட்டை என்று ஏதோ ஒரு செயற்குழு மொத்தமாக அச்சடித்துக் கொடுத்தவை. நம் ஊரில் துணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பெருமளவு அந்தச் செயற்குழுக்களிடம்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் முதலில் அவர்களுக்கு.

துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் பழைய தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) லயத்து வீடுகளிலும் பெரும்பாலும் கழிப்பறைக் குழாய் மட்டுமே மலக்குழிக்குப் போகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் வீட்டுக்குப் பின்னால் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விழுகிறது. அங்கிருந்து சிலாங்கூர் ஆறு. பிறகு கம்போங் குவாந்தானில் மின்மினிகள் குடியிருக்கும் பெரெம்பாங் மரங்களைத் தொட்டுக்கொண்டு, கோல சிலாங்கூர் முகத்துவாரம் வழியாக மலாக்கா நீரிணை. நடுவில் ஒரு வடிகட்டிகூடக் கிடையாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துடன் இணைக்கப்பட்ட வீடுகள் என்றால், துணியிலிருந்து பிரியும் இழைகளில் பெரும்பகுதி நிலையத்து வண்டலோடு தங்கிவிடும். நமக்கு அந்தத் தடுப்பும் இல்லை.

பாலியெஸ்டர் என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் அதே நெகிழிதான். உருக்கி நூலாக இழுத்திருக்கிறார்கள், அவ்வளவே. உலகில் இன்று உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் இதுதான். துவைக்கும்போது துணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத இழைத்துண்டுகள் உதிர்கின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ துணியை ஒருமுறை துவைத்தால் அக்ரிலிக் என்ற செயற்கைத் துணியிலிருந்து 700,000-க்கு மேல், பாலியெஸ்டரிலிருந்து சுமார் 496,000, பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியிலிருந்து சுமார் 138,000 இழைகள் வெளியேறலாம். கடலில் நேரடியாகச் சேரும் நுண்நெகிழியில் 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் மதிப்பிட்டது. கெராங் (சிறு மட்டி), சிப்பி போன்றவை தண்ணீரை வடிகட்டியே உயிர் வாழ்பவை. தண்ணீரில் வரும் இழை அவற்றின் உடலுக்குள்ளும் போகிறது. கெராங்கை நாம் குடலோடு சேர்த்துத்தான் சாப்பிடுகிறோம்.

இனி அந்தத் தொண்டர் சட்டை. 'மைக்ரோஃபைபர்' என்று அச்சகத்தில் சொல்லும் துணி பெரும்பாலும் முழுக்க முழுக்க பாலியெஸ்டர். ஒரு சட்டை ஏறத்தாழ 150 கிராம் எடை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ 30 கிராம். 200 சட்டைக்கு ஆர்டர் கொடுத்தால் 30 கிலோ நெகிழி, அதாவது 1,000 பாட்டில். அன்னதானத்தில் 1,000 பாட்டிலைத் தரையில் வீசினால் ஆலய நிர்வாகம் பொறுத்துக்கொள்ளாது. அதே எடையைச் சட்டையாகக் கொடுக்கும்போது யார் கண்ணையும் அது உறுத்துவதில்லை.

இந்தச் சட்டையின் ஆயுளைக் குறைப்பது துணியைவிட அதன்மேல் அச்சாகும் எழுத்துதான். முதுகில் பெரிய எழுத்தில் ஆண்டு, அதன் கீழே பன்னிரண்டு ஆதரவாளர்களின் சின்னம். அடுத்த ஆண்டு அதைப் போட்டுக்கொண்டு வந்தால் பழசு என்று தெரிந்துவிடும். ஆகவே மறுபடியும் 200 சட்டை. ஆண்டை எடுத்துவிட்டு ஆலயத்தின் பெயரும் 'தொண்டர்' என்ற சொல்லும் மட்டும் இருந்தால் அதே சட்டை மூன்று திருவிழாவுக்குத் தாங்கும். ஆதரவாளர்களுக்கு நன்றி சொல்ல ஒரு பதாகை போதும். அடுத்து அளவு. விண்ணப்பத்தாளில் 'எம்', 'எல்' என்று வட்டமிடச் சொன்னால் பாதிப் பேர் தவறாகத்தான் போடுவார்கள், ஏனென்றால் ஒரு தயாரிப்பாளரின் 'எல்' இன்னொருவரின் 'எக்ஸ்எல்'. அச்சகத்திடம் எல்லா அளவிலும் ஒவ்வொரு மாதிரிச் சட்டை வாங்கி, கூட்டத்தன்று போட்டுப் பார்க்க வையுங்கள். தலைக்கணக்குக்கு மேல் 5 விழுக்காடு கூடுதலாக எடுத்தால் போதும். 'இருக்கட்டும்' என்று 50 சட்டை கூடுதலாக அடித்தால் அவை பண்டாரத்து அறையில் எலிக்கூடாகிவிடும்.

சட்டைதான் வேண்டுமா என்பதையும் யோசிக்கலாம். தோளில் ஒரு மஞ்சள் பருத்தித் துண்டு போட்டால் தொண்டர் யார் என்று தூரத்திலிருந்தே தெரியும். அதற்கு அளவுத் தகராறு இல்லை. திருவிழா முடிந்ததும் துவைத்து மடித்து நிர்வாகம் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிழிந்தால் தீபம் துடைக்க ஆகும். பால்குட ஊர்வலத்துக்கும் தீமிதிக்கும் சட்டையைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. தீ இருக்கும் இடத்தில் பாலியெஸ்டர் போட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். ஆலய நிர்வாகங்கள் இந்த ஆபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சட்டைதான் என்று முடிவானால் 100 விழுக்காடு பருத்தி, சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிராம் கனம் என்று கேளுங்கள். இதற்கும் கீழே போனால் பத்துத் துவைப்பில் கழுத்து தொங்கிவிடும். கழுத்துப் பட்டை தனியாக வைத்துத் தைத்ததா, தோள் தையலின் உட்புறம் நாடா ஓடுகிறதா, கீழ்மடிப்பில் இரட்டைத் தையல் உண்டா என்று மாதிரிச் சட்டையைப் புரட்டிப் பாருங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். முன்சுருக்கம் செய்யாத துணி என்றால் 5 விழுக்காடுவரை போகலாம். ஆகவே மாதிரியைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளவு எடுப்பதே சரி. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியைப் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் சாயம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். அச்சு மையிலும் ஒரு விஷயம் உண்டு. ரப்பர் ஒட்டியது போல் தடிப்பாக இருக்கும் பிளாஸ்டிசால் மை பெரும்பாலும் பிவிசி நெகிழி. வெடித்து உரிந்து அதுவும் லோங்காங்குக்கே போகும். தண்ணீர் சார்ந்த மை துணிக்குள் ஊறி நிற்கும், கையால் தடவினால் தெரியாது. கறுப்புத் துணிமேல் அது மங்கலாகத் தெரியும் என்பதால் வெளிர் நிறத் துணியைத் தேர்ந்தெடுங்கள்.

காற்பந்து, கபடி ஆட்டக்காரர்களுக்குப் பருத்தி சரிவராது. வியர்வையில் ஊறிக் கனத்துவிடும். அவர்கள் பாலியெஸ்டர் போடட்டும். மேசையில் உட்கார்ந்து பெயர் பதிபவருக்கும் அதே ஜெர்சி தேவையில்லை.

பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இன்னும் எளிதாகச் செய்யலாம். இல்லச் சட்டை ஆண்டுதோறும் மாறாமல் ஒரே நிறம், ஒரே வடிவம் என்று இருந்தால் அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும். ஆண்டிறுதியில் சிறியதாகிப்போன சட்டைகளைத் துவைத்து வாங்கி, அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பெட்டி போதும். சீருடையையும் அப்படியே.

சீட்டு இல்லாத துணி எதனால் ஆனது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) 'காட்டன்' என்று விற்கும் டி-சட்டைக்கும், பெருநாள் காலத்தில் மலிவாக வரும் வேட்டி துண்டுக்கும் இது அவசியம், ஏனென்றால் அவற்றில் பாலியெஸ்டர் கலப்பு சகஜம். உட்தையல் ஓரத்திலிருந்தோ, வேட்டி சேலை என்றால் முந்தியின் குஞ்சத்திலிருந்தோ ஐந்தாறு நூலை இழுத்தெடுங்கள். கையால் பிடிக்காமல் புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் வைத்து, மெழுகுவத்தித் தீயில் மெதுவாகக் காட்டுங்கள். பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரியும் வாசனை வரும், மிஞ்சும் சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் தீ படுமுன்னே சுருண்டு பின்வாங்கும். கரும்புகை விட்டு உருகிச் சொட்டும். ஆறிய பின் கடுகு போல் கெட்டியான கறுப்பு உருண்டை நிற்கும், நசுக்கினாலும் உடையாது. பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். அதன் கரி நசுக்கினால் தூளாகும். காகித வாசனையும் வந்து, கெட்டி உருண்டையும் மிஞ்சினால் கலப்பு என்று பொருள்.

இதில் பலர் செய்யும் தவறு, ஒரே பக்கத்து நூலைச் சோதிப்பது. பாவில் (நீளவாட்டு நூலில்) பட்டும் ஊடையில் (குறுக்கு நூலில்) பாலியெஸ்டரும் ஓடும் சேலைகள் உண்டு. குஞ்சத்தில் தொங்குவது பாவு நூல் மட்டுமே; அதை எரித்துப் பார்த்துப் பட்டு என்று நம்பி ஏமாந்துவிடுவோம். ஓரத்தைச் சற்றே பிரித்து குறுக்கு நூலையும் ஒன்று எடுத்து எரிக்க வேண்டும். சரிகையைத் தொட வேண்டாம், அது வேறு சங்கதி.

சேலையைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாலியெஸ்டர் சேலை ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர் பார்க்கும். ஜெர்சி வாரம் இரண்டு முறை பார்க்கும். கடலுக்குப் போகும் இழையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அடிக்கடி துவைப்பதை முதலில் மாற்றுங்கள்: தோட்ட வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டை, பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டை, படுக்கை விரிப்பு, வீட்டில் உடுத்தும் நைட்டி. சேலை கடைசியில் வரட்டும். வாங்கும்போது நம்பகமான அடையாளம் வேண்டுமென்றால் இந்தியக் கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரையும், பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரையும் உண்டு. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தமிழக நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கிறது. செயற்குழு ஒன்று நூறு துண்டு வாங்கப்போகிறதென்றால் அங்கே விலை விசாரிப்பதில் தவறில்லை.

பச்சைச் சீட்டு நிறுவனங்களுக்கு வருகிறேன். நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் ஆடை விற்பனையில் தெளிவில்லாத பசுமைச் சொற்களை விசாரித்தது. அதன் முடிவில் 2022-இல் எச்&எம் நிறுவனமும் டெகாத்லோன் நிறுவனமும் 'கான்ஷியஸ்', 'ஈகோடிசைன்' போன்ற சொற்களைத் திருத்தவோ நிறுத்தவோ ஒப்புக்கொண்டன; முறையே 500,000 யூரோவும் 400,000 யூரோவும் பொதுக் காரியங்களுக்குக் கொடுக்கவும் இசைந்தன. ஆகவே பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு உட்சீட்டைப் படியுங்கள். இயற்கை வேளாண் துணிக்கான பன்னாட்டுத் தரமான ஜிஓடிஎஸ் முத்திரையோடு 'ஆர்கானிக்' என்றிருந்தால் குறைந்தது 95 விழுக்காடு இயற்கை வேளாண் இழை. 'மேட் வித் ஆர்கானிக்' என்றிருந்தால் 70 விழுக்காடு. அந்த முத்திரையுடன் சான்றளித்தவர் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத முத்திரை வெறும் படம். ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற முத்திரை துணியில் உடலுக்குக் கெடுதலான இரசாயனம் வரம்பு மீறி இல்லை என்கிறதே தவிர, அது பருத்தியா நெகிழியா என்று பார்ப்பதில்லை. பாலியெஸ்டருக்கும் அது கிடைக்கும். 'மூங்கில் துணி' பெரும்பாலும் மூங்கில் கூழை இரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ். கூழிலிருந்தே வருவதென்றால் கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் லையோசெல் என்ற இழை மேல்.

'பாட்டிலிலிருந்து செய்த சட்டை' என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மறுசுழற்சிப் பாலியெஸ்டரில் ஏறக்குறைய எல்லாமே பழைய பாட்டிலிலிருந்து வருவது, பழைய சட்டையிலிருந்து அல்ல. பாட்டிலாகவே இருந்தால் இன்னும் சில முறை பாட்டிலாகும். சட்டையான பிறகு அந்தப் பாதை அநேகமாக அடைபட்டுவிடும். உலகில் பழைய ஆடை மறுபடி புது ஆடையாவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மறுசுழற்சிப் பாலியெஸ்டரும் துவைத்தால் புதுப் பாலியெஸ்டர் போலவே இழையை உதிர்க்கும்.

பருத்தியும் பாவம் அறியாத பிள்ளை அல்ல. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்றதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைக்கு உட்படாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தமிழர்களுக்குப் புதிதல்ல. உலகின் 6 கடற்பரப்புகளின் மேல்நீரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே மிதந்த இழைகளில் பெரும்பகுதி பருத்தி போன்ற தாவர இழை என்று கண்டது. பருத்தி காலப்போக்கில் மட்கும், நெகிழி மட்காது என்ற வேறுபாடு பெரியது. ஆனாலும் எந்தத் துணியாக இருந்தாலும் குறைவாக வாங்குவதும் சரியாகத் துவைப்பதும்தான் அடித்தளம்.

எனவே, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பாலியெஸ்டரைத் தூக்கி எறிய வேண்டாம். புதுத் துணிதான் முதல் நான்கைந்து துவைப்பில் அதிகமாக உதிர்க்கும். பழைய சட்டை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, பண்டல் கடையில் (பழைய துணிக் கடையில்) வாங்கியதும் அப்படித்தான். பச்சைத் தண்ணீரில், குறுகிய நேரத் துவைப்பில், தொட்டி நிறையும் அளவுக்குச் சேர்த்துத் துவையுங்கள். 'மென்துணி' என்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் துணிக்கு நல்லது என்று நினைக்கிறோம்; அது தண்ணீரை அதிகம் எடுப்பதால் இழை அதிகமாகவே வெளியேறுகிறது என்று நியூகாசல் பல்கலைக்கழகம் 2019-இல் காட்டியது. ஜீன்ஸையும் ஜெர்சியையும் ஒன்றாகப் போடாதீர்கள், முரட்டுத் துணி மெல்லியதை உரசித் தேய்க்கும். அடுத்த இயந்திரம் வாங்கும்போது முன்பக்கக் கதவு வைத்ததை வாங்குங்கள். மேலே திறப்பது அதைவிடப் பல மடங்கு இழையை உதிர்க்கிறது. டோபி கடையின் (சலவைக் கடையின்) உலர்த்தும் இயந்திரம் இழையைக் காற்றோடு வெளியே தள்ளும். கொடியும் வெயிலும் நம்மிடம் இருக்கின்றன.

லோங்காங்கில் விழும் குழாய் முனையில் ஒரு வலைப்பை கட்டலாம். கொசுவலை வேண்டாம், கண் பெரிது. பருத்தித் துணியும் வேண்டாம், ஒரு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். திரை அச்சுக்குப் பயன்படும் மெல்லிய நைலான் வலைத்துணியை ஒரு முழ நீளப் பையாகத் தைத்து, குழாயில் இறுக்குப்பட்டையால் கட்டுங்கள். நீளம் முக்கியம்: அடிப்பகுதி அடைபட்டாலும் மேற்பகுதி வழியாகத் தண்ணீர் வெளியேறும். இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் தண்ணீரைத் தள்ளும் பம்பு இல்லை, தானாக வடிகிறது. பை அடைத்தால் அழுக்குத் தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். ஆகவே இரண்டு துவைப்புக்கு ஒருமுறை கழற்ற வேண்டும். கழற்றியதும் குழாயடியில் அலசினால் பிடித்ததெல்லாம் அதே லோங்காங்குக்குப் போய்விடும். இயந்திரத்துக்குள் இருக்கும் பஞ்சு வடிகட்டியிலும் இதே தவறைத்தான் செய்கிறோம். நிழலில் காயவிட்டால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல உரிந்து வரும். அதை ஒரு பொட்டலமாகக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். இந்தப் பை எல்லா இழையையும் பிடிக்காது. ஆனாலும் உரிந்து வரும் அந்தத் துண்டின் அளவாவது ஆற்றுக்குப் போகவில்லை.

கிழிந்து போனவற்றைக் கொல்லையில் எரிக்கக் கூடாது. திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், பாலியெஸ்டர்ப் புகை மூச்சுக்கும் கேடு. உடுத்தக்கூடியதை க்ளோத் கேர்ஸ் போன்ற அமைப்புகளின் துணிப்பெட்டியில் போடலாம். துவைத்து நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும், ஈரமான ஒரு சட்டை பெட்டியில் இருக்கும் அத்தனையையும் பூஞ்சை பிடிக்க வைத்துவிடும். கருமக்கிரியையில் ஆற்றில் விடும் துணியைப் பற்றியும் பணிவோடு ஒரு வார்த்தை: சடங்கை மாற்றச் சொல்லவில்லை. நீரில் நனைத்த பின் ஒரு பையில் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் தூய பருத்தியாக, ஒரு முழமாக இருக்கட்டும். பாலியெஸ்டர் வேட்டி அலையாத்தி வேரில் சுற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

அடுத்த திருவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ அச்சகத்திடம் விலை கேட்கும் செயலாளர்கள் கீழ்க்கண்டதை அப்படியே எழுதிக் கேட்கலாம்: '100 விழுக்காடு பருத்தி, 180 கிராமுக்குக் குறையாமல், தண்ணீர் சார்ந்த மை, ஒரே நிறம், முன்புறம் மட்டும், ஆண்டோ ஆதரவாளர் சின்னமோ இல்லை, எல்லா அளவிலும் ஒவ்வொரு மாதிரி முதலில் வேண்டும், இதே எண்ணிக்கைக்குப் பருத்தித் துண்டின் விலையையும் தனியே குறிப்பிடவும்.' இரண்டு விலையையும் கூட்டத்தில் வைத்து, மூன்று ஆண்டுக்கு வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.